மலைநாட்டுப் பழைய காருக்குப் பெற்றோல் இன்ஜெக்‌ஷன்: தொடக்கக்காரருக்கான முழுமையான வழிகாட்டி

கொழும்பில் சுத்தமாக டியூன் பண்ணிய காபரேட்டர் காரை அதே நாளில் நுவரெலியாவுக்கு ஏற்றினால் என்ன நடக்கும் என்பது கண்டிப் பக்கத்தில் பழைய கார் வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். கடுகண்ணாவை ஏற்றம் வரை பெரிய வித்தியாசம் தெரியாது. கம்பளை தாண்டிப் புசல்லாவையில் ஏறும்போது மிதித்தாலும் எஞ்சின் உடனே எடுக்காது. றம்பொடை வளைவுகளில் சைலன்சரில் கறுப்புப் புகை. மேலே போய் நிறுத்தினால் ஐட்லிங் தள்ளாடும். பிளக்கைக் கழற்றினால் கரி.

காரணம் காற்றுத்தான். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ 101 கிலோபாஸ்கல். 500 மீற்றர் அளவு உயரத்தில் இருக்கும் கண்டியில் 95, 96. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். அங்கே 81 கிலோபாஸ்கல்தான். காபரேட்டர் உணர்வது வென்சுரி வழியே ஓடும் காற்று உண்டாக்கும் உறிஞ்சலை மட்டுமே. மலையேற ஏறக் காற்று ஐதாகிறது, ஆனால் பெற்றோல் அதே அளவுக்குக் குறைவதில்லை. மேலே குளிர் என்பதால் காற்று சற்று அடர்ந்துகொள்கிறது. அதையும் கணக்கில் எடுத்தால் கலவையில் பெற்றோல் எட்டு முதல் பத்து வீதம் கூடிவிடும். கீழே 14க்கு 1 என்று இருந்த காற்று–பெற்றோல் விகிதம் மேலே 13க்கும் கீழே இறங்கும். ஜெட்டை மாற்றலாம். ஆனால் மாலையில் திரும்பிக் கடுகண்ணாவை இறங்கும்போது அதே ஜெட் பெற்றோல் போதாத கலவையைக் கொடுக்கும். அது கரியைவிட ஆபத்தானது.

இன்ஜெக்‌ஷன் முறையில் ஒரு சென்சர் மெனிபோல்ட் அழுத்தத்தையும், இன்னொன்று காற்றின் வெப்பத்தையும் அளக்கின்றன. ஈசியூ, அதாவது எஞ்சினைக் கட்டுப்படுத்தும் சிறு கணினி, ஒவ்வொரு சுழற்சிக்கும் எவ்வளவு பெற்றோல் என்று கணக்குப் பார்க்கிறது. மெனிபோல்ட் அழுத்தத்தை வைத்துப் பெற்றோலைத் தீர்மானிக்கும் இந்த வழி புதியதல்ல. பொஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரோனிக் 1967இல் வொக்ஸ்வாகன் 1600 காரில் இதைத்தான் செய்தது. இன்று மாறியிருப்பது, அந்தக் கணக்கை நாமே மடிக்கணினியில் திருத்தலாம் என்பது.

இந்த வழிகாட்டிக்கு டட்சன் 1200 காரை உதாரணமாக எடுத்திருக்கிறேன். ஏ12 எஞ்சின், 1,171 சிசி, 73 மில்லிமீற்றர் போர், 70 மில்லிமீற்றர் ஸ்ட்ரோக். எடை குறைந்த கார், உயர்ந்த சுற்றுக்குச் சலிக்காத எஞ்சின். ஜப்பானில் 1970களின் டூரிங் கார் பந்தயங்களில் பெயர் வாங்கியது. உங்களிடம் லான்சர் பொக்ஸோ, பழைய கொரோலாவோ, போர்ட் லேசரோ இருந்தால் அளவுகள் மாறும், முறை மாறாது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களைக் கழித்துவிடாமல் காப்பாற்றப் பழகிக்கொண்டோம். அந்தப் பழக்கம் நல்லது, அதைக் கைவிடக் கூடாது என்பது என் எண்ணம்.

படி 1: எஞ்சின் தகுதியானதா என்று பாருங்கள்

நோயுள்ள எஞ்சினை இன்ஜெக்‌ஷன் குணப்படுத்தாது. தேய்ந்த ரிங், எரிந்த வால்வு, காற்று இழுக்கும் மெனிபோல்ட் கேஸ்கட் எல்லாம் டியூனிங் நாளில் வெளியே வந்து, குற்றம் ஈசியூ மேல் விழும். ஆகவே முதலில் கொம்ப்ரஷன் பாருங்கள். நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பத்து வீதத்துக்குள் இருக்க வேண்டும். வால்வு இடைவெளியைச் சூட்டில் சரிபாருங்கள்; ஏ12க்கு இரண்டு பக்கமும் 0.35 மில்லிமீற்றர். ரேடியேட்டரைச் சுத்தம் செய்து தேர்மோஸ்டாட் கட்டாயம் போடுங்கள். நம் ஊரில் பல பழைய எஞ்சின்களில் அதைக் கழற்றி எறிந்திருப்பார்கள். தேர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் குளிர்ந்தே ஓடும். வெப்ப சென்சர் அதை இன்னும் சூடாகாத எஞ்சின் என்று நினைத்துப் பெற்றோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும்.

கராஜில் இந்தக் கட்டத்தில் ஒருவர் நிச்சயம் சொல்வார்: "இதுக்குப் போய் ஏன் தம்பி கஷ்டப்படுறீங்க? ஒரு ரிகண்டிஷன் இஞ்சினத் தூக்கிப் போடுங்க." அது தவறான யோசனை என்று சொல்ல மாட்டேன், இன்ஜெக்‌ஷனோடு வரும் எஞ்சின் பல வேலைகளை மிச்சமாக்கும். ஆனால் எஞ்சின் இலக்கம் மாறும், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவைத் திருத்த வேண்டும், எஞ்சின் மவுண்டும் கியர் பெட்டியும் ஒத்துப்போக வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, ஏ12 இல்லாத டட்சன் 1200 வேறொரு கார். நல்ல எஞ்சின் கையில் இருக்கும்போது அதை வைத்தே செய்யுங்கள்.

படி 2: எந்த வகை என்று தீர்மானியுங்கள்

மூன்று வழிகள் உண்டு. காபரேட்டர் இருந்த இடத்திலேயே ஒற்றை திரொட்டில் பொடியை வைத்து, அதிலேயே இன்ஜெக்டரைப் பொருத்துவது எளிது. மெனிபோல்ட்டில் கை வைக்க வேண்டியதில்லை. ஆனால் பெற்றோல் இன்னும் மெனிபோல்ட் குழாய் முழுவதையும் கடந்துதான் போகும். குளிர்ந்த காலையில் சுவரில் படியும்.

இரண்டாவது, ஒவ்வொரு சிலிண்டர் வாயிலுக்கும் ஓர் இன்ஜெக்டர். ஏ12 தலையில் நாலு சிலிண்டருக்கும் தனித்தனி உள்வாயில் இருப்பதால் இதற்கு ஏற்றது. இருக்கிற அலுமினிய மெனிபோல்ட்டில் நாலு சிறு குழல்களை டிக் வெல்டிங் செய்து, லேத்தில் அளவாகக் கடைந்து, இன்ஜெக்டர் நுனி வால்வை நோக்கும் கோணத்தில் வைக்க வேண்டும். காபரேட்டர் இருந்த மேல்தளத்தில் ஒரு சிறிய திரொட்டில் பொடி. முதல் தடவை செய்பவருக்கு நான் சொல்லும் வழி இதுதான்.

மூன்றாவது, சிலிண்டருக்கு ஒரு திரொட்டில். வெபர் டீசிஓஈ காபரேட்டரின் அதே தளத்தில் பொருந்தும் திரொட்டில் பொடிகளை இங்கிலாந்தின் ஜென்வி போன்றோர் செய்கிறார்கள். இரட்டை சைட்-டிராப்ட் மெனிபோல்ட் உள்ளவர்கள் நேரே மாட்டலாம். சத்தமும் எடுப்பும் மனதை அள்ளும். ஆனால் இவற்றில் மெனிபோல்ட் அழுத்தம் நிலையாகக் கிடைக்காது. பெரும்பாலும் திரொட்டில் கோணத்தையும் சுற்றையும் வைத்துத்தான் பெற்றோலைக் கணக்கிடுவார்கள். திரொட்டில் கோணத்துக்கு உயரம் தெரியாது. வெளிக்காற்றழுத்தத்தை அளக்கும் இன்னொரு சென்சரைச் சேர்க்காவிட்டால் காபரேட்டரின் பழைய நோயே மலையில் திரும்பி வரும். பணம் செலவழித்தும் இதைக் கவனிக்காமல் விட்டவர்கள் உண்டு.

மினி வைத்திருப்போருக்கு ஒரு வார்த்தை. அதன் ஏ-சீரீஸ் எஞ்சின் தலையில் இரண்டு சிலிண்டருக்கு ஒரே உள்வாயில். ஒரு சிலிண்டருக்குத் தெளித்த பெற்றோலைப் பக்கத்துச் சிலிண்டர் இழுத்துக்கொள்ளும். தெளிக்கும் நேரத்தை மிக நுணுக்கமாக வைத்தால்தான் சரிவரும். உற்பத்தியாளரே 1991 முதல் ஒற்றை இன்ஜெக்டரையும் 1996இன் இறுதியிலிருந்து இரட்டை இன்ஜெக்டரையும்தான் வைத்தார். தொடக்கக்காரர் மினியில் ஒற்றை இன்ஜெக்டர் முறையோடு நிற்பது நல்லது.

படி 3: பொருட்களைச் சேருங்கள்

திரொட்டில் பொடி, இன்ஜெக்டர், பெற்றோல் ரெயில், சென்சர்கள் எல்லாம் 1.3, 1.5 லீற்றர் ஜப்பான் எஞ்சின்களிலிருந்து ரிகண்டிஷனாகக் கிடைக்கும். கொழும்பில் பஞ்சிகாவத்தைதான் இதற்குத் தலைநகர். ஒரே எஞ்சினிலிருந்து முழு செட்டாக வாங்குங்கள், வயர் சொக்கெட்டுகளை ஓரடி வயரோடு வெட்டித் தரச் சொல்லுங்கள். சொக்கெட் இல்லாமல் சென்சரை மட்டும் வாங்கி வந்தால் அடுத்த கிழமை திரும்பவும் கொழும்புக்கு பஸ் ஏற வேண்டும்.

இன்ஜெக்டர் அளவுக்கு எளிய கணக்கு உண்டு. நல்ல நிலையில் உள்ள, சற்று மெருகேற்றிய ஏ12 எண்பது குதிரைவலு தரும் என்று வையுங்கள். அதற்கு முழு மிதியில் மணிக்கு ஏறத்தாழ 25 லீற்றர் பெற்றோல் வேண்டும். நிமிடத்துக்கு 420 சிசி. நாலாகப் பிரித்தால் 105. இன்ஜெக்டரை எண்பது வீத நேரத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது என்பதால் 130 சிசி. ஆகவே 150 முதல் 200 சிசி இன்ஜெக்டர் தாராளம். பெரியது நல்லது என்று 440 சிசி வாங்காதீர்கள். ஐட்லிங்கில் அவ்வளவு சிறிய அளவைத் துல்லியமாகத் தெளிக்க அதனால் முடியாது. மல்டிமீற்றரில் மின்தடை பாருங்கள். 12 முதல் 16 ஓம் என்றால் நேரே எந்த ஈசியூவிலும் போடலாம். 2, 3 ஓம் வகையை ஒதுக்கிவிடுங்கள். வாங்கியதும் நாலையும் அல்ட்ராசொனிக் சுத்தம் செய்து, ஒரே அளவு தெளிக்கின்றனவா என்று பரிசோதிக்கக் கொடுங்கள். இதைத் தவிர்த்து மிச்சம் பிடிப்பது வீண்.

ஈசியூவில் செலவுக்கேற்ற தெரிவுகள் இருக்கின்றன. அமெரிக்காவில் புரூஸ் பௌலிங், அல் கிரிப்போ இருவரும் தொடங்கிய மெகாஸ்குவர்ட், அவுஸ்திரேலியாவில் ஜோஷ் ஸ்டுவர்ட் ஆரம்பித்த திறந்த மூலமான ஸ்பீடுயினோ இரண்டும் டியூனர்ஸ்டூடியோ மென்பொருளோடு வேலை செய்யும், கற்றுக்கொள்ள ஏற்றவை. ஹெல்டெக், லிங்க் போன்றவை விலை கூடியவை. அவற்றை அறிந்த டியூனர் கிடைப்பது எளிது. எதை வாங்குவதானாலும் கண்டியிலோ கொழும்பிலோ அதைத் தெரிந்த ஒருவரை முதலில் கண்டுபிடித்துவிட்டு வாங்குங்கள்.

கட்டாயம் புதிதாக வாங்க வேண்டியது, எக்ஸோஸ்ட்டில் இருந்து காற்று–பெற்றோல் விகிதத்தைக் காட்டும் வைட்பேண்ட் ஒட்சிசன் சென்சர். பொஷ் எல்எஸ்யூ 4.9 என்ற வகை. போலிகள் நிறைய உலவுகின்றன. விலை மிகக் குறைவாக இருந்தால் விட்டுவிடுங்கள். ஈயம் இந்தச் சென்சரைக் கொன்றுவிடும், ஆனால் இலங்கையில் 2002இலேயே ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டுவிட்டதால் அந்தக் கவலை இல்லை.

படி 4: பெற்றோல் வழி

வேலையின் இதயம் இதுதான். மடிக்கணினியில் வரைபடம் திருத்துவதை எல்லோரும் பெருமையாகப் பேசுவார்கள். கார் தீப்பிடிப்பதும் நடுவழியில் நிற்பதும் பெரும்பாலும் ஹோஸிலும் கிளிப்பிலும் தொடங்குகிறது.

காபரேட்டருக்கு வந்த பெற்றோல் அழுத்தம் 0.3 பாருக்கும் குறைவு. இன்ஜெக்டருக்கு 3 பார், அதாவது பத்து மடங்குக்கு மேல். பழைய ரப்பர் ஹோஸ் இதைத் தாங்காது. ஹோஸின் மேல் எஸ்ஏஈ ஜே30 ஆர்9 என்று அச்சிட்டிருக்க வேண்டும். ஆர்7 என்றால் அது காபரேட்டர் ஹோஸ். கிளிப்பும் முக்கியம். துளைகள் போட்ட சாதாரண கிளிப் ரப்பரை வெட்டும். ஓரம் மடித்த, இன்ஜெக்‌ஷனுக்கான கிளிப்பைப் போடுங்கள். தாங்கியிலிருந்து எஞ்சின் அறை வரை இரும்புக் குழாய், இரு முனைகளில் மட்டும் குறுகிய ஹோஸ். போக ஒரு குழாய், திரும்ப ஒரு குழாய். எக்ஸோஸ்ட் குழாய்க்கு எதிர்ப்பக்கமாகக் கொண்டுபோங்கள்.

அடுத்தது வளைவுகள். மஹியங்கனைப் பாதையின் 18 வளைவில் இறங்கும்போது கால்வாசி நிறைந்த தாங்கியில் பெற்றோல் ஒரு பக்கமாக ஒதுங்கும். காபரேட்டரில் மிதவை அறையில் கொஞ்சம் பெற்றோல் எப்போதும் இருந்ததால் அது தெரியவில்லை. இன்ஜெக்‌ஷன் பம்ப் ஒரு நொடி காற்றை உறிஞ்சினாலும் எஞ்சின் வெட்டும். பரிகாரம் சேர்ஜ் டேங்க்: ஒன்று அல்லது ஒன்றரை லீற்றர் கொள்ளும் ஒரு சிறிய உருளை. தாழ்அழுத்தப் பம்ப் பெரிய தாங்கியிலிருந்து அதை நிரப்பிக்கொண்டே இருக்கும். உயரழுத்தப் பம்ப் அதன் அடியிலிருந்து எடுக்கும். ரெயில் அழுத்தத்தை நிலைநிறுத்தும் ரெகுலேட்டரிலிருந்து திரும்பும் பெற்றோலும் அதற்குள்ளேயே விழும். மிஞ்சியது மேல்வழியாகத் தாங்கிக்குப் போகும். சேர்ஜ் டேங்க்கைப் பயணிகள் இருக்கும் அறைக்குள் வைக்கக் கூடாது. டிக்கியில் வைப்பதானால் மூடிய பெட்டிக்குள், வெளியே காற்றுப் போகும் வழியோடு.

பம்ப்பை அளவாகத் தெரிவு செய்யுங்கள். தேவை மணிக்கு 25 லீற்றர். 80 முதல் 100 லீற்றர் பம்ப் போதும். 255 லீற்றர் பம்ப் பெற்றோலைச் சுற்றிச் சுற்றிச் சூடாக்கும், பற்றரியையும் தின்னும். பம்ப்புக்கு முன் 100 மைக்ரோன் வடிகட்டி, பின் 10 மைக்ரோன் வடிகட்டி. பழைய தாங்கியின் உள்ளே துரு இருந்தால் புது இன்ஜெக்டர் சில நாளிலேயே அடைபடும். தாங்கியை இறக்கிச் சுத்தம் செய்யுங்கள். அதில் வெல்டிங் வேலை இருந்தால் வீட்டில் தொடவே வேண்டாம். காலித் தாங்கியில் நிற்கும் ஆவி வெடிக்கும். நீராவியால் கழுவிப் பழக்கமுள்ள தாங்கி வேலைக்காரரிடம் கொடுங்கள்.

ஏ12 எஞ்சினில் உள்வாயிலும் எக்ஸோஸ்டும் ஒரே பக்கத்தில் இருப்பதை மறக்க வேண்டாம். பெற்றோல் ரெயில் எக்ஸோஸ்ட்டுக்கு நேர் மேலே வரும். இடையில் அலுமினியத் தகட்டால் வெப்பத் தடுப்புப் போடுவது கட்டாயம். ரெகுலேட்டரின் வெக்குவம் குழாயை மெனிபோல்ட்டோடு இணையுங்கள். அப்போதுதான் இன்ஜெக்டரின் இரு பக்கத்துக்கும் இடையே எப்போதும் அதே 3 பார் நிற்கும். பழைய மெக்கானிக்கல் பம்ப்பைக் கழற்றி அந்தத் துளையைக் கேஸ்கட்டோடு தகடு போட்டு அடையுங்கள்.

படி 5: மின்சாரம்

கார் வயரிங்கில் கை வைக்கும் முன் பற்றரியின் எதிர்முனையைக் கழற்றுங்கள். இன்ஜெக்‌ஷனுக்குத் தனி வயர் கட்டு செய்வதே சரி. பழைய கட்டிலிருந்து எடுக்க வேண்டியது சாவி போட்டால் வரும் 12 வோல்ட் ஒன்று மட்டும். பற்றரியிலிருந்து நேரே ஒரு பிரதான ரிலே, பம்ப்புக்கு இன்னொரு ரிலே, ஒவ்வொன்றுக்கும் பியூஸ்.

பம்ப் ரிலேயை ஈசியூதான் இயக்க வேண்டும். சாவி போட்டதும் இரண்டு நொடி ஓடி நிற்கும். எஞ்சின் சுற்றினால் மட்டும் தொடரும். சாவியிலிருந்து நேரே பம்ப்புக்கு வயர் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். விபத்தில் எஞ்சின் நின்ற பிறகும் உடைந்த குழாயில் பெற்றோல் பீறிடும் என்பதை அவர்கள் யோசிப்பதில்லை. இடித்தால் தானாக அணையும் இனேர்ஷியா சுவிட்ச் ஒன்றையும் அந்த வழியில் சேருங்கள்.

ஏர்த் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஈசியூவின் பிரதான ஏர்த் எஞ்சின் புளொக்கில், பெயின்ட் சுரண்டிய ஒரே இடத்தில். சென்சர்களின் ஏர்த் எல்லாம் தனி வயரில் ஈசியூவுக்கே திரும்ப வேண்டும், பொடியில் கட்டக் கூடாது. இணைப்புகளைக் கிரிம்ப் செய்து ஹீட் சிரிங் போடுங்கள். வெறுமனே முறுக்கி டேப் சுற்றிய வயர் மலைநாட்டு மழையில் ஒரு பருவம் தாங்காது.

அந்தக் காலத்து ஆல்டர்னேட்டர் லைட்டுக்கும் வைப்பருக்கும் அளந்து வைத்தது. பம்ப், வைட்பேண்ட் ஹீட்டர், மின்விசிறி எல்லாம் சேர்ந்தால் இரவு மழையில் வோல்டேஜ் விழும். வோல்டேஜ் விழுந்தால் இன்ஜெக்டர் திறக்கத் தாமதிக்கும், கலவையில் பெற்றோல் குறையும். 60 அம்பியர் அளவு ஆல்டர்னேட்டருக்கு மாற்றிவிடுங்கள்.

படி 6: சுற்றும் பொறியும்

எஞ்சின் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று ஈசியூவுக்குத் தெரிய வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டரை வைத்துக்கொண்டு கொயிலிலிருந்து சுற்றை மட்டும் எடுப்பது மலிவு. ஆனால் தேய்ந்த டிஸ்ட்ரிபியூட்டர் ஆடும். பொறியின் மின்னிரைச்சல் ஈசியூவைக் குழப்பும். ஆகவே தொடக்கத்திலேயே கிராங்க் புல்லியில் 36 பற்களில் ஒன்றை விட்ட சக்கரத்தைப் போடச் சொல்வேன். லேத்தில் புல்லியோடு நடுமையம் பிசகாமல் பொருத்தி, சென்சருக்கும் பல்லுக்கும் இடையே ஒரு மில்லிமீற்றருக்குள் இடைவெளி வையுங்கள். சென்சரின் தாங்கு தகடு தடிப்பாக, எஞ்சினிலேயே பூட்டியதாக இருக்கட்டும். இரண்டு இரண்டாகப் பொறி கொடுக்கும் கொயில் பெட்டி, ரெசிஸ்டர் வகைப் பிளக் வயர், ரெசிஸ்டர் பிளக். எரியும் வரிசை 1-3-4-2.

படி 7: முதல் ஸ்டார்ட்

பக்கத்தில் தீயணைப்பான் இல்லாமல் இந்தப் படிக்குப் போகாதீர்கள்.

பிளக்குகளைக் கழற்றி, இன்ஜெக்டர் சொக்கெட்டுகளையும் கழற்றி, பம்ப்பை மட்டும் ஓடவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பாருங்கள். ஈரம் இருந்தால் நிறுத்திச் சரிசெய்யுங்கள். அடுத்து ஸ்டார்ட்டரால் சுற்ற, மடிக்கணினியில் சுற்று நிலையாக 200 அளவில் தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு பிளக் போட்டு, ஈசியூவில் பொறியை 10 பாகையில் நிலைநிறுத்தி, டைமிங் லைட்டால் புல்லியிலும் அதே 10 பாகை தெரியும் வரை திருத்துங்கள். இது தப்பினால் பின்னால் செய்யும் டியூனிங் முழுவதும் பொய்.

அடிப்படைப் பெற்றோல் கணக்கு: ஒரு சிலிண்டர் 293 சிசி. அது முழுதாக நிரம்பினால் ஏறத்தாழ 0.35 கிராம் காற்று; அதற்கு 24 மில்லிகிராம் பெற்றோல். 200 சிசி இன்ஜெக்டர் அதைத் தெளிக்கப் பத்து மில்லிசெகண்டுக்குக் கிட்ட எடுக்கும். 6,500 சுற்றில் ஒரு முழுச் சுழற்சிக்கு 18.5 மில்லிசெகண்ட் இருக்கிறது, ஆகவே நேரம் போதும். இந்த எண்ணை மென்பொருளே கணக்கிடும். நீங்களும் ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள், எங்கே எழுத்துப்பிழை வந்தாலும் உடனே கண்ணில் படும்.

இப்போது இன்ஜெக்டர் சொக்கெட்டுகளை மாட்டி ஸ்டார்ட் பண்ணுங்கள். எஞ்சின் பிடித்ததும் ஒயில் பிரஷர் பாருங்கள். வைட்பேண்ட் 13.5க்குப் பக்கத்தில் வரும்படி ஐட்லிங்கைத் திருத்துங்கள். வைட்பேண்ட் சென்சரை எக்ஸோஸ்ட்டில் மேற்பாதியில், சற்றுச் சாய்வாகப் பொருத்தியிருக்க வேண்டும்; கீழ்ப்பக்கம் வைத்தால் நீர் தேங்கிச் செத்துவிடும். மின்சாரம் கொடுக்காமல் அதை ஓடும் எக்ஸோஸ்ட்டில் விட்டும் வைக்கக் கூடாது.

படி 8: கண்டிப் பாதைகளில் டியூனிங்

பெற்றோல் அட்டவணையில் குறுக்கே சுற்று, நெடுக்கே மெனிபோல்ட் அழுத்தம். ஒவ்வொரு கட்டத்துக்கும் எஞ்சின் எவ்வளவு நிரம்புகிறது என்று ஒரு எண். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் மடிக்கணினி பார்க்க வேண்டும். ஒருவரே இரண்டையும் செய்வது கொலைக்குச் சமம்.

பேராதனையிலிருந்து கம்பளைப் பக்கம் போகும் சமமான பாதை மெதுவான, நிலையான ஓட்டத்துக்கு நல்லது. அதிகாலையில் பஸ்கள் கூடும் முன் போங்கள். இங்கே 40 முதல் 60 கிலோபாஸ்கல் கட்டங்களை 14.7 அளவில் நிறுத்துங்கள். பாரக் கட்டங்களுக்குக் கடுகண்ணாவை ஏற்றமும் ஹந்தானைப் பாதையும் இருக்கின்றன. மூன்றாம் கியரில் நிலையான வேகத்தில் ஏறினால் மலையே எஞ்சினுக்குப் பாரம் கொடுக்கும். சமதரையில் ஓட்டுபவருக்கு இந்த வசதி இல்லை. முழு மிதியில் 12.6 முதல் 12.8. உயர் சுற்றுக் கட்டங்களைப் பொதுப்பாதையில் தேடாதீர்கள். அதற்குக் காரை நிறுத்தியே பாரம் கொடுத்து ஓட்டும் டைனோ இருக்கிறது.

இப்போது கண்டிக்காரர் கட்டாயம் அறிய வேண்டிய ஒன்று. இங்கே வெளிக்காற்றே 96 கிலோபாஸ்கல் என்பதால், எவ்வளவு மிதித்தாலும் அட்டவணையின் 100 கிலோபாஸ்கல் வரிசையை எஞ்சின் தொடாது. அந்த வரிசை டியூன் ஆகாமலே இருக்கும். அப்படியே கொழும்புக்கு இறங்கி முழு மிதி கொடுத்தால், யாரும் சரிபார்க்காத கட்டங்களில் எஞ்சின் ஓடும். ஆகவே கண்டியில் முடித்ததும் மேல்வரிசைகளைக் கீழ்வரிசையின் போக்கிலேயே நீட்டி, பெற்றோலைச் சற்றுக் கூட்டி, பொறியை இரண்டு பாகை பின்வாங்கி வையுங்கள். பிறகு மாவனல்லை, கேகாலை என்று கீழே இறங்கி, கடைசியாகக் கடல்மட்டத்தில் சரிபாருங்கள். டைனோ வேலையைக் கொழும்பில் செய்வதற்கு இதுவும் ஒரு நல்ல காரணம்.

பொறி முன்னேற்றத்தில் ஆசை வேண்டாம். முழுப் பாரத்தில் 30 பாகைக்குள் தொடங்குங்கள். தட்டல் சத்தம் கேட்டால் உடனே குறையுங்கள். சாதாரண ஏ12 92 ஒக்டேனில் ஓடும்; அழுத்த விகிதம் கூடிய இரட்டைக் காபரேட்டர் ஜிஎக்ஸ் வகை எஞ்சினுக்கும், தலையைச் சீவிய எஞ்சினுக்கும் 95 போடுங்கள்.

குளிர்ந்த எஞ்சினுக்கான கூடுதல் பெற்றோலைத் திருத்த நாளொன்றுக்கு ஒரு வாய்ப்புத்தான் கிடைக்கும்: இரவு முழுக்க நின்ற கார், காலையின் முதல் ஸ்டார்ட். பொறுமையாகப் பல காலைகள் செய்யுங்கள். கடைசியில் நுவரெலியாவுக்குப் போய் ஓரிரவு காரை வெளியே நிறுத்திப் பாருங்கள். அங்கே காலையில் முதல் சுற்றிலேயே பிடித்து, வைட்பேண்ட் நிலையாக நின்றால் வேலை சரி. 1934 முதல் மலையேற்றப் பந்தயம் நடந்துவரும் மஹகஸ்தோட்டை அந்த ஊரில்தான் இருக்கிறது. ஏப்ரல் வசந்த காலத்தில் அங்கே ஓட்ட நினைப்பவர்களுக்கு, ஜெட் பெட்டியைச் சுமக்காமல் போவது பெரிய நிம்மதி.

படி 9: புகைப் பரிசோதனையும் காகிதங்களும்

வருடாந்த வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனைச் சான்றிதழ் வேண்டும். பழைய காபரேட்டர் கார்கள் தடுக்கி விழுவது ஐட்லிங்கில் வரும் காபன் மொனொக்சைட்டில்தான். இன்ஜெக்‌ஷன் காரில் எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, ஐட்லிங் கலவையை 14.7க்குக் கொண்டுவந்துவிட்டுப் போனால் பயப்பட ஒன்றும் இல்லை. எஞ்சின் இலக்கம் அப்படியே இருப்பதால் பதிவுப் புத்தகத்தோடு அது பொருந்தும். காப்புறுதி நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுத்தில் அறிவியுங்கள். பெற்றோல் குழாயைத் தொட்ட மாற்றத்தை மறைத்து வைப்பது நட்டஈடு கேட்கும் நாளில் உங்களுக்கே எதிராக நிற்கும்.

படி 10: முதல் ஆயிரம் கிலோமீற்றர்

முதல் 100 கிலோமீற்றரில் எல்லா ஹோஸ் கிளிப்பையும் மறுபடி இறுக்குங்கள். 500இல் பெற்றோல் வடிகட்டியை மாற்றுங்கள். தாங்கியில் எஞ்சியிருந்த துரு அதற்குள் வந்து சேர்ந்திருக்கும். அதன்பின் வைட்பேண்ட் பதிவுகளை வாரம் ஒருமுறை பாருங்கள். ஒரே பாதையில் கலவை மெல்ல மெல்லப் பெற்றோல் குறைந்ததாக நகர்ந்தால் வடிகட்டியையோ பம்ப்பையோ சந்தேகியுங்கள். அட்டவணையைத் திருத்தி அதை மூடி மறைக்க வேண்டாம்.

கழற்றிய காபரேட்டர், மெனிபோல்ட், டிஸ்ட்ரிபியூட்டர் எல்லாவற்றையும் ஒயில் பூசிப் பத்திரப்படுத்துங்கள். ஈசியூ கோப்பை இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். வயர் நிறங்கள், ரிலே இருக்கும் இடங்கள், பியூஸ் அளவுகள், எந்த எஞ்சினிலிருந்து எந்தச் சென்சர் எடுத்தது என்பன எழுதிய தாளை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் காரிலேயே வையுங்கள். கார் ஒருநாள் வழியில் நின்றால், உதவிக்கு வரும் எலெக்ட்ரீஷியன் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.